ஆறிய தேநீர் குறித்த புகார்

சுற்றறிக்கையார் என்று பதினெட்டு ஆண்டுகளாக அலுவலகம் முழுவதும் அழைக்கப்பட்டு வந்தவரும், வயது ஐம்பத்தொன்பதும் பதினொரு மாதமும் நிரம்பியவருமான தலைமை எழுத்தர், தம் மேசைமீதிருந்த தேநீர்க் குவளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வெதுவெதுப்பு.

எதிர் மேசைத் தட்டச்சரின் குவளையிலோ ஆவி பறந்தது.

“ஏம்மா, எல்லாருக்கும் கொதிக்கக் கொதிக்க. எனக்கு மட்டும் ஆறினதா?”

தேநீர் கொடுக்கும் அம்மாள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். “இந்தச் சூடு போதுங்க ஐயா. குடிங்க.”

“தண்ணியும் அப்படித்தான். அவங்களுக்கெல்லாம் ஜில்லுன்னு, எனக்குக் குழாய்த் தண்ணி. மாசக் கடைசியில ஓய்வு பெறப்போற ஆளுதானேன்னு இளக்காரமா?”

அவள் தட்டோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

“நாற்காலி காலியாகறதுக்கு முன்னாடியே டீ ஆறிப்போச்சு பாருங்க” என்றார் அவர், பொதுவாக.

“அதுக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டுடுங்க சார்” என்றார் தட்டச்சர்.

சுற்றறிக்கையார் சிரித்தார். மின்விசிறிக் காற்று பல்லில் பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்கான காரணம் தம்மைத் தவிர வேறெவரும் அறியாதது என்பது அவர் நம்பிக்கை. ஓய்வு பெறுவோரின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டுவார்கள். அந்தப் படத்துக்காக அவர் பல் மருத்துவரிடம் சென்று பல்லை வெளுத்துக்கொண்டார். மருந்திட்ட பல் அச்சை அரை மணி நேரம் மாட்டச் சொன்னார்கள். இன்னும் வெளுக்கட்டுமே என்று நான்கு மணி நேரம் மாட்டினார். பல் கூச்சம் தாங்காமல், பல்லோடு முகமும் வெளுத்தது.

வெளியே சொல்ல வழியில்லை. தட்டச்சர் தலைக்குச் சாயம் பூசி வந்தபோது, ‘இயற்கையாய் இருப்பதே ஒழுக்கம்’ எனச் சுற்றறிக்கை விட்டவர் அவர்தாம். பல்லைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம், “வெறும் உப்பு வெச்சுத் தேய்க்கறேன், அவ்வளவுதான்” என்றார்.

தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்து முடித்துப் புகார் எழுதினார். கோப்பில் புகார் எதுவும் இல்லையென்றால் மாதக் கடைசியில் அந்த அம்மாளின் வேலை நிரந்தரமாகும் என்பது அவருக்குத் தெரியாததன்று.

மேலாளர் அவளை அழைத்துக் கேட்டார்.

“மறதிங்க ஐயா. இனிமே சூடாத் தர்றேன்” என்றாள்.

மறுநாள் ஆவி பறக்க வந்தது தேநீர். ஒரே வாய்தான். சுற்றறிக்கையாரின் கண்ணில் நீர் தளும்பியது. மாலையே பல் மருத்துவரிடம் ஓடினார்.

“பத்து நாளைக்கு அச்சை மாட்டாதீங்க. பல் கூச்சத்துக்குன்னு பேஸ்ட் இருக்கு, அதைப் போடுங்க. மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷா வாங்குங்க. சூடும் வேணாம், ஜில்லும் வேணாம்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்” என்றார் மருத்துவர். “உங்களுக்குத்தான் காதுல விழலை. இங்கே தரை துடைக்கற அம்மா, ‘டீ வெதுவெதுப்பா இருந்தா அவருக்கு ஆகுமா டாக்டர்?’னு என்கிட்டே வந்து கேட்டுட்டுப் போச்சு.”

சுற்றறிக்கையார் திரும்பிப் பார்த்தார். வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தாள் தேநீர் அம்மாள்.

“நீ எப்படிம்மா இங்கே?”

“சாயங்கால வேலைங்க. அன்னைக்கு உங்க கண்ணுல விளக்கு வெளிச்சம், என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க.”

“மேலாளர்கிட்டே ஏன் சொல்லலை?”

“நீங்க எல்லார்கிட்டயும் உப்புன்னுல்ல சொல்லிட்டிருந்தீங்க ஐயா.”

கொடுத்த புகாரைத் திரும்பப் பெற ஒரே வழிதான் இருந்தது. உண்மையான காரணத்தை எழுதி, ஊழியர் அனைவரும் படித்துக் கையொப்பமிடச் சுற்றுக்கு விடவேண்டும். சுற்றறிக்கை எண் பதினான்கு. இயற்றியவர் அவரே.

இரண்டு நாள் வயிற்றுவலி என்று விடுப்பில் இருந்தார்.

‘குறை தேநீரில் இல்லை, காசு கொடுத்து வெளுத்துக்கொண்ட என் பல்லில்’ என்று அவர் எழுதிக் கொடுக்க, முதல் கையொப்பத்தைத் தலைச்சாயத் தட்டச்சர் இட, அந்த அம்மாளின் வேலைக்கிருந்த தடை நீங்கிய நாள் மார்ச் மாதம் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணி, தேநீர் வேளை.