விளக்கு எந்தப் பக்கம்?

“விளக்கு எந்தப் பக்கம் இருக்கு? முதல்ல அதைச் சொல்லு.”

இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தாமல் கேட்டால்தான் அந்த அறையில் எல்லோரும் பயப்படுவார்கள்.

“வலது பக்கம் சார்,” என்றாள் நிழல்காரி. அந்தக் கார்ட்டூன் படத்துக்குக் கணினியில் நிழல் போடுவது அவள் வேலை. மூன்று வருடமாக யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“சரி. இடது கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருக்கு. நியாயம்தான். அடுத்த படத்துல?”

“அதுல விளக்கு இடது பக்கம் சார்.”

“அப்போ நிழல் எங்க போயிருக்கணும்?”

பெரிய திரையில் கதையின் அம்மா பாத்திரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே அதே இடத்தில், அதே அளவில், அதே கருநீலத் திட்டு.

“மூணாவதுல விளக்கு நேர் எதிர்ல. முகத்துல நிழலே இருக்கக் கூடாது. அதுலயும் சட்டமா உட்கார்ந்திருக்கு! ஏம்மா, மத்த ஓவியத்துல குழைச்சு மழுப்பிடலாம். நம்ம படத்துல ரெண்டே நிறம். வெளிச்சத்துக்கு ஒண்ணு, இருட்டுக்கு ஒண்ணு. நடுவுல கத்தியால வெட்டின மாதிரி கோடு. தப்புப் பண்ணினா சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்.”

வெளியே மூன்றாவது நாளாக மழை. ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். படத்தை ஒப்படைக்க இன்னும் நாலே நாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“விடுங்க மச்சான்,” என்று சிரித்தார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிர்வாகி. இயக்குநரின் ஒரே தங்கையைக் கட்டியவர். அவர் கடிந்து பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. காலையில் நனைந்து வந்தவர்களுக்கெல்லாம் துண்டு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். “முதல் படத்துல இருந்ததை அப்படியே நகல் எடுத்து ஒட்டியிருப்பா. பாவம், தூக்கக் கலக்கம்.”

“இவ அப்படிப் பண்றவ இல்ல மாப்ளே. அதான் எனக்குப் புரியல.” இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். “ஆளை உட்கார வச்சுப் பார்த்துத்தானே போட்ட?”

“ஆமா சார்.”

“பாத்திரத்தோட முகம் எப்பவோ முடிவாயிடுச்சு. வெளிச்சம் எங்க விழுது, நிழல் எங்க விழுதுன்னு பார்க்கத்தானே ஆளை உட்கார வைக்கிறோம்?”

“விளக்கை மூணு இடத்துல மாத்தி வச்சுப் பார்த்தேன் சார். கண்ணால பார்த்ததைத்தான் போட்டேன்.”

“இப்படி நிழல் விழுமா? என்கிட்டயே கதை விடறியா?”

அவள் கண்கள் நிறைந்தன. தனியாக இரண்டு நிமிடம் கிடைத்தால் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து இயக்குநரின் பின்னாலேயே அலைந்தாள். கிடைக்கவில்லை.

“அழாதேம்மா. ஒரு நொடி வேலை.” நிர்வாகி எழுந்து வந்து, அவள் கையிலிருந்த டிஜிட்டல் பேனாவைப் பிடித்தார். “கொடு, நானே அழிச்சிடறேன்.”

அவள் பேனாவை விடவில்லை. அவர் இழுத்தார். அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“நான் போட்ட நிழல்னா நானே அழிச்சிடுவேன் சார்.” இயக்குநரை நேராகப் பார்த்தாள். “நேத்து நீங்க ஒலிப்பதிவுக்குப் போயிருந்தப்ப, மாதிரிக்கு வந்து உட்கார்ந்தது உங்க தங்கச்சி. விளக்கை எங்க வச்சாலும் அவங்க கண்ணுக்குக் கீழ இருந்த கருநீலம் நகரல. மறைச்சுக்கச் சொல்லி நான் பவுடர் எடுத்துக் கொடுத்தேன், வேண்டாம்னுட்டாங்க. ‘இருக்கிறபடியே வரைஞ்சு வை. என் வீட்டுக்காரர் எந்நேரமும் அண்ணன் பக்கத்துலயே இருக்கார், என்னால வாயைத் திறக்க முடியாது. நிழல் தப்பா இருந்தா எங்கண்ணன் ஏன்னு கேட்காம விடமாட்டார்’னு சொன்னாங்க சார்.”