ஆஷ்பிக்கு ஜே!

"மார்லோவா? அதெல்லாம் ஒரு காலேஜாங்க? நாலு மாடு, ஒரு கொட்டகை, வாசல்ல ஒரு போர்டு!" என்று வெண்டல் கிராஸ் சத்தமாகச் சொன்னார். ஆஷ்பி கல்லூரியின் ஊதா ஸ்வெட்டரும் ஊதாத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, ஆஷ்பி ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பவர் வேறு எப்படிப் பேசுவார்?

சொல்லும்போதே அவருக்கு நாக்கு கூசியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில்தான் அவர் பட்டம் வாங்கினார். இப்போது அவருடைய மகன் காலெப் அங்கே கடைசி வருஷம் படிக்கிறான், அமெரிக்க ஃபுட்பால் அணியில் முன்வரிசை ஆள்.

இந்த மாதிரிச் சின்னக் கல்லூரியில் ஆடுகிறவனை எந்தப் பெரிய அணியும் கூப்பிடாது. படிப்பு முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். மார்லோவுக்கு இந்த வருஷத்து ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. சாம்பியன் பட்டத்துக்கான ப்ளே-ஆஃப் சுற்றில் இடம் கிடைத்தால் காலெப்புக்கு இன்னொரு சனிக்கிழமை உண்டு. இல்லையென்றால் போன வாரம் ஆடியதோடு சரி.

மிச்சமிருப்பது ஒரே இடம். யாருக்கு என்று கமிட்டி நாளைக்குச் சாயங்காலம் சொல்லும். எத்தனை பேரை ஜெயித்தார்கள் என்பதோடு, ஜெயித்தது எப்பேர்ப்பட்ட ஆளை என்றும் கமிட்டி பார்க்கும். மார்லோ ஜெயித்த அணிகளில் ஆஷ்பியும் ஒன்று. அந்த ஆஷ்பி இன்று, தோல்வியே காணாத ஸ்டோக் கல்லூரியைக் கவிழ்த்துவிட்டால் மார்லோவின் மதிப்பு ஏறும். கவிழ்க்காவிட்டால் அந்த இடம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும்.

ஆக, பரம எதிரிக்காகத் தொண்டை கிழியக் கத்த வெண்டல் நாற்பது மைல் காரோட்டி வந்திருந்தார். மார்லோவின் பச்சைச் சட்டையோடு வந்திருந்தால் இங்கே கேலி பண்ணியே கொன்றிருப்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லொரெட்டா என்ற அம்மாளுக்கும் அவர் வயதுதான் இருக்கும், அதே ஊதா ஸ்வெட்டர். பிளாஸ்கிலிருந்து சூடாகக் கோகோ ஊற்றி அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினார்.

"அப்போ அந்தக் கடைசி இடம் யாருக்குப் போகணுங்கறீங்க?"

"விட்கம் காலேஜுக்குத்தான். அவங்க நம்மளைப் பதினாலு பாயின்ட்ல அடிச்சாங்க. மார்லோ ஒரே ஒரு பாயின்ட்ல ஜெயிச்சுது, அதுவும் மழையில வழுக்கி விழுந்து!"

லொரெட்டா பதறிப் போனார். "ஐயையோ, விட்கம் ஆடினதெல்லாம் நோஞ்சான் டீமோடங்க. பத்துல ஆறு டீம், வருஷம் பூரா ரெண்டு மேட்ச்கூட ஜெயிக்காதவங்க. மார்லோ பசங்கதான் நிஜமா அடிபட்டு மேல வந்தவங்க."

வெண்டலுக்கு அந்த அம்மாள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. வேஷம் போட்டாயிற்றே, விட முடியுமா? "என்னங்க இப்படிச் சொல்றீங்க? பந்தை வீசி ஆட்டத்தையே நடத்தற அந்த விட்கம் குவார்ட்டர்பேக் ஒருத்தன் போதுமே! தங்கமான ஆட்டம், படிப்புலயும் புலியாம். மார்லோக்காரனுக்கு ஸ்கோர்போர்டைப் படிச்சுச் சொல்லவே ஆள் வேணும்."

"பெருசா ஒண்ணுமில்ல. சுமாராத்தான் ஆடுவான்" என்று முணுமுணுத்துவிட்டு லொரெட்டா கோகோவைக் குடிக்க ஆரம்பித்தார்.

கடைசிக் கால்மணியில் ஸ்டோக் முந்தியது. உடனே ஆஷ்பி கூட்டம் எழுந்து நின்று கோஷம் போட்டது. "பரவால்ல! பரவால்ல! நாளைக்கு எங்ககிட்டதான் வேலைக்கு வரணும்!" படிப்புத் திமிர் பிடித்த கல்லூரி, தோற்கிற மாதிரி இருந்தால் இதே பல்லவிதான். இதைக் கேட்டு எத்தனையோ தடவை பல்லைக் கடித்த வெண்டல், இன்று எல்லோருக்கும் முன்னால் நின்று கத்தினார். லொரெட்டாவும் சளைக்கவில்லை.

ஸ்டோக் இருபத்தொன்று, ஆஷ்பி இருபது. மிச்சம் நாலு விநாடி. இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்தை உதைத்துவிட்டால் ஆஷ்பிக்கு மூன்று பாயின்ட். பந்தை உதைக்க வந்தவன் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன்.

"பௌதிகம் படிக்கிறவனாம்" என்றார் லொரெட்டா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"கணக்குப் போட்டு உதைடா ராஜா!" என்று வெண்டல் அலறினார். பந்து இடது கம்பத்தில் பட்டு, ஒரு கணம் யோசித்துவிட்டு, உள்பக்கமாக விழுந்தது.

இருவரும் துள்ளிக் குதித்ததில் கோகோ முன்வரிசைக்காரர் தொப்பியில் கொட்டியது. அவர்கூடத் திட்டவில்லை. "ஆஷ்பிக்கு ஜே!" என்று மைதானமே அதிர்ந்தது. வெண்டலும் லொரெட்டாவும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி கட்டிக்கொண்டார்கள்.

வெண்டலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷியிடம் இனிமேலும் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேங்க. நான் ஆஷ்பி ஆளே இல்லை, மார்லோ. என் பையன் அங்க ஆடறான். நீங்க எதிராளியா இருந்தும் எங்களுக்காக அவ்வளவு நியாயமாப் பேசினீங்களே, அதை மறக்கவே மாட்டேன்."

லொரெட்டா அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எதுக்குங்க சிரிக்கறீங்க?"

"நீங்களுந்தான் விட்கம்முக்காக என்னமாப் பேசினீங்க!" என்றார் லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் குவார்ட்டர்பேக் என் பையன்தாங்க."