மேசையைச் சுற்றிய நடை

"செத்துப்போன காத்தாயிக்காக நாம இன்னாத்துக்குடா அடி வாங்கணும்? டீக்கடைத் தனிக்குவளைக் கட்டுரைய எடுத்துடு. இல்லன்னா நீ ஒண்டியா மேசைய சுத்து!" என்று கத்திவிட்டுத் தயாளன் வெளியேறினான். மற்ற மாணவர்களும் அவன் பின்னே போனார்கள்.

எழுதியவள் மறைந்தாள், எழுதியதையும் புதைப்பதா? மலரின் மாணவ ஆசிரியன் பெரியதம்பி மறுத்தான். 1984ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக இலக்கிய மலர் அக்கட்டுரையோடுதான் வெளிவரும்!

செஞ்சிக்கோட்டை அடிவாரத்து அச்சகத்தின் சன்னலில் வெயில் எரிந்தது. மேசை விளிம்பில் அச்சிட்ட தாள்கள் பக்கவாரியாகக் குவிந்திருந்தன. அவன் மேசையைச் சுற்றி நடந்து, குவியலுக்கு ஒரு தாளாக எடுத்துச் சேர்த்து, சுற்றுக்கு ஒரு பிரதியை மூலையில் வைத்தான்.

ஆனால் மூலை அடுக்கில் சுற்றுக்கு இரண்டு பிரதிகள் ஏறின.

அவன் நின்றால் பின்னால் தாள் உரசும் ஓசையும் நின்றது. நடந்தால் தொடர்ந்தது.

"கை வலிக்குதா, காத்தாயி?" என்றான்.

தாள்கள் தீர்ந்துகொண்டே வந்தன. பெரியதம்பி நடையை மெதுவாக்கினான்.