ஐந்தாவது புள்ளி

"அத்தைக்கு எதுக்குங்க ஐபோன்? ஆண்ட்ராய்டே போதும்."

இதைச் சொன்னபோது மருமகளின் கையில் இருந்தது ஐபோன்.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பழைய பட்டன் போன் உயிரை விட்டு நான்கு நாள் ஆகிறது. அறுபத்தெட்டு வயதில் முதல் ஸ்மார்ட்போன். அதிலுமா ஓரவஞ்சனை?

"வீட்ல எல்லாருக்கும் ஐபோன், அம்மாவுக்கு மட்டும் வேறயா?" என்றான் மகன். "சிக்கனம் பண்ண உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"சிக்கனம் இல்லைங்க. ஆண்ட்ராய்டுல எழுத்து பெருசா தெரியும்."

"ஐபோன்லயும் பெருசாக்கலாம் மேடம்," என்றாள் விற்பனைப் பெண்.

"சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கும்."

"இதுலயும் நிக்கும் மேடம்."

மருமகள் அந்தப் பெண்ணை ஒரு முறை முறைத்தாள். மாமியார் அதையும் கவனித்துக்கொண்டாள்.

மகன் தன் போனை அம்மாவின் முன் நீட்டினான். திரையில் ஊரின் வரைபடம். அதில் நான்கு புள்ளிகள்.

"இது நான். இது இவ. இது ஸ்கூல்ல உன் பேத்தி. அந்தக் கோடியில தங்கச்சி. ஐபோன் வாங்கினா நீ அஞ்சாவது புள்ளி. நீ எங்கயாவது தடுக்கி விழுந்தாக்கூட நான் ஓடி வந்துடுவேன்மா."

மாமியார் அந்த நான்கு புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வியாழக்கிழமைதோறும் நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு அவள் போவது, மூன்று பஸ் மாறி, ஒரு முதியோர் இல்லத்துக்கு. மகனுக்குப் பதினொரு வயதானபோது மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போன மனிதர் அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்.

'அந்தாளு மூஞ்சியில முழிச்சேன்னா, நீ எனக்கு அம்மாவே இல்ல.' மகன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

"எனக்கு எதுவும் வேணாம்டா. பழையபடி பட்டன் போனே வாங்கிக் குடு."

"பேங்க், ஆஸ்பத்திரி எல்லாமே இப்ப ஸ்மார்ட்போன்லதாம்மா."

"அப்ப ஆண்ட்ராய்டே வாங்குங்க," மருமகள் விடவில்லை. "நானே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடறேன்."

நானே! மாமியாருக்குச் சுருக்கென்றது. யாரோடு பேசினேன், எங்கே போனேன் என்பதெல்லாம் இனி இவள் பிடியில். கொஞ்ச நாளாகவே வியாழக்கிழமை வீடு திரும்பினால், வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொள்கிறாள். 'குடுங்க அத்தை, கனமா இருக்கும்' என்று குழைகிறாள். வெறும் பை எப்படிக் கனக்கும்? சோதனை போடுகிறாள்!

"நீயே சொல்லும்மா. எது வேணும்?" என்றான் மகன்.

அவள் கணக்குப் போட்டாள். மருமகளுக்குத் தெரிந்தால் என்றைக்காவது ஒரு சண்டையில் வெளியே வரும். ஐபோன் என்றால் மகனுக்கு வருகிற வியாழனே தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டைக் காட்டினாள்.

"என்னமோ பண்ணுங்க," என்று சலித்துக்கொண்டு மகன் பணம் கட்டும் வரிசையில் போய் நின்றான்.

மருமகள் புதுப் போனைப் பிரித்து எதையோ தட்ட ஆரம்பித்தாள். மாமியாரால் அடக்க முடியவில்லை.

"என்னை வேவு பாக்கத்தானே இந்த ஆட்டமெல்லாம்?"

மருமகள் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தாள். கணவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அத்தை, அவரோட அந்த மேப்ல ஐபோன் மட்டும்தான் புள்ளியா வரும். இது வராது."

மாமியார் வரிசையில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. மாமாவைப் பாக்கப் போறப்ப அங்க உங்க பையில 'பார்வையாளர்'னு, மாமா பேரும் போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டறாங்க இல்ல? வெளிய வந்ததும் ஞாபகமா அதைக் கிழிச்சிடுங்க. ஒன்பது வாரமா வாசல்லயே நின்னு நான்தான் கிழிச்சிட்டிருக்கேன்."