அலமாரிக்குள் முளைப்பாரி

"யாரு அலமாரியைத் திறந்தது?"

திலகவதி டீச்சர் போட்ட சத்தத்தில் நான்காம் ஆண்டு வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. மொத்தம் என்றால் எட்டுப் பிள்ளைகள். செலண்டார் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் அதுவே பெரிய வகுப்பு.

டீச்சருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மூன்று மாத ஆசிரியர் பயிற்சியில் இன்றுதான் கடைசிச் சோதனை. ஆசிரியர் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வருவார். பின்வரிசையில் உட்கார்ந்து, இவள் அறிவியல் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். போன தடவையே பாடம் சொதப்பிவிட்டது. இதிலும் சொதப்பினால் இதே பள்ளியில் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அவள் அம்மாவோ, மகள் இந்த வருஷமே டீச்சராகிவிடுவாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பாடம் என்னவோ சுலபம்தான். செடிக்குச் சூரிய ஒளி தேவை, அவ்வளவே. இரண்டு குவளைகளில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப் பயறு போட்டாள். ஒன்று ஜன்னலோரம். இன்னொன்று அலமாரிக்குள். கதவில் 'திறக்காதீர்கள்' என்று தாள் ஒட்டிவிட்டு, ஒரு வாரக் கருத்தரங்குக்குக் கல்லூரிக்குப் போனாள். திரும்பி வரும்போது அலமாரிப் பயறு வாடி வதங்கிக் கிடக்கும், அதைக் காட்டிப் பாடத்தை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

வந்து திறந்தால், பயறு ஒரு சாண் உயரத்துக்கு இளமஞ்சளாய் எழும்பி நிற்கிறது! ஜன்னலோரத்துக் குவளையில் அதில் பாதி உயரம்கூட இல்லை. போதாக்குறைக்கு அலமாரிக் குவளைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வேறு வைத்திருந்தது.

"முளைப்பாரி டீச்சர்," என்றாள் மலர்விழி. வகுப்பிலேயே பெரிய வாயாடி அவள்தான். "ரிஹாட் நேரத்துல, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, மாத்தி மாத்தித் தண்ணி தெளிச்சோம். உங்க பரீட்சைக்கு வேண்டிக்கிட்டோம்."

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் முளைப்பாரி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள். பாரி நன்றாக வளர்ந்தால் வேண்டியது பலிக்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள். இருட்டில் ஒரு குவளைப் பயறைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

"வேண்டுதலா? இதாலயே நான் ஃபெயிலாகப் போறேன்லா!"

"சத்தியமாவா டீச்சர்?" என்று கேட்டான் சுரேன்.

அந்தக் கேள்வி அவளுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. ஆனால் திட்ட நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

விரிவுரையாளர் விஜயராணி கோப்போடு பின்வரிசையில் உட்கார்ந்தார். திலகவதி குவளைகளை மேசையில் எடுத்து வைத்தாள். துடைத்தும் போகாத குங்குமத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கமாகப் பாடத்தின் நடுவில் பேசாத விரிவுரையாளர், குவளைகளைப் பார்த்ததும் பேசிவிட்டார்.

"வெளிச்சம் இல்லாததுதான் உசரமா வளர்ந்திருக்கு. ஏன் டீச்சர்?"

திலகவதி படித்த எந்தப் பதிலும் நாக்குக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கவும் மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியலை மேடம்," என்றவள் வகுப்பைப் பார்த்தாள். "உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எட்டு வாயும் பூட்டுப் போட்டுக்கொண்டன. மலர்விழியின் கை மட்டும் மெல்ல மேலே போனது. பக்கத்தில் இருந்த சுரேன் அவள் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினான். பார்த்துவிட்ட டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிள்ளினால் நிற்கிற வாயா அது?

"இருட்டுல வச்சா வெளிச்சத்தைத் தேடிக்கிட்டு உசரமாப் போவும் மேடம். ஆனா தெம்பு இருக்காது. பச்சையாவும் ஆகாது. பத்து நாளைக்கு மேல வச்சா சாஞ்சிரும். அதுக்குள்ள கோயில்ல வச்சுக் கும்பிட்டு ஆத்துல விட்டுருவோம்."

"அது ஏன் பத்து நாள்?"

"பயறுக்குள்ள இருக்கிற சத்து அவ்ளோதான். தீர்ந்திருச்சுன்னா அப்புறம் வெயில் வேணும்லா!"

விஜயராணி சிரித்தேவிட்டார்.

பாடம் முடிந்து நடைபாதையில் நின்று சொன்னார்: "இருட்டுல வாடிரும்னு பாடத் திட்டத்துல எழுதினது தப்பு, திருத்திக்குங்க. ஆனா தெரியலைன்னு ஒத்துக்கிட்டுப் பிள்ளைங்களைப் பேச விட்டீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு. நீங்க பாஸ்."

திலகவதிக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே, காலையில் கத்தியதை நினைத்து மனசு உறுத்தியது. பாவம், தனக்காக வேண்டிக்கொண்ட பிள்ளைகளைப் போய்த் திட்டிவிட்டோமே! வகுப்புக்கு ஓடினாள்.

"டீச்சர் பாஸாயிட்டேன்! உங்க வேண்டுதல் பலிச்சிருச்சு!"

யாரும் கை தட்டவில்லை. மலர்விழி மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

"ஏய், என்னம்மா ஆச்சு?"

சுரேனுக்கும் குரல் உடைந்தது.

"எல்லாம் இவளாலதான் டீச்சர். பேசாத, பேசாதன்னு கிள்ளினேன், கேக்கல. பாஸானா நீங்க போயிருவீங்கல்ல? ஃபெயிலாகணும்னுதான் நாங்க வேண்டிக்கிட்டோம்."