பொருள் எண் மூன்று

கண்மாய்க் கரையில் இரண்டு பேர் குறுக்கே பாய்ந்ததும், தடதடவென்று வந்த சைக்கிள் கிறீச்சிட்டு நின்றது.

“எறங்குடா! மொதல்ல வாட்ச்சக் கழட்டு!” என்றான் குழந்தைசாமி.

சைக்கிளில் வந்த அழகுமலை சட்டென்று இறங்கினான். வாட்ச் கழன்றது. ஷூ கழன்றது. டெரிலின் சட்டையும் கழன்றது.

“பனியனையாவது விடுங்கடா!”

“பனியன் ஒன்னோட சொந்தம். அத நீயே வச்சுக்க” என்றான் கூட நின்ற ராமு, கையிலிருந்த நோட்டில் ஏதோ குறித்தபடி. “போன காரியம் என்னாச்சு?”

“சரின்னுட்டாகடா!” என்று அழகுமலை ஒரு துள்ளுத் துள்ளினான். மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையிலேயே ஒரு ஆட்டம் போட்டார்கள்.

அரிமளத்துக்குப் பக்கத்து ஊரில் வாலிபர் சேமிப்புச் சங்கம் இப்படித்தான் நடந்தது. ஏழு பேர், வாரம் ஆளுக்கு நாலணா. தனித்தனியாகச் சேர்த்தால் ஒரு டெரிலின் சட்டை வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும் என்று, சேர்ந்தே சேர்த்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு வாட்ச், ஒரு சோடி ஷூ, ஒரு சட்டை, ஒரு பழைய சைக்கிள் வந்து சேர்ந்தன.

பெண் பார்க்கப் போகிறவனுக்கு எல்லாவற்றிலும் முதல் உரிமை. முன்பெல்லாம் துண்டைப் போர்த்திக்கொண்டு போய், தொங்கிய தலையோடு திரும்பிய பயல்கள், இப்போது சீட்டியடித்துக்கொண்டு போனார்கள். இந்த வைகாசியில் மட்டும் மூன்று நிச்சயதார்த்தம். இன்றைக்கு ஒரே நல்ல நாளில் இரண்டு பேர் கிளம்பியதுதான் சிக்கல்.

குழந்தைசாமி அவசரமாகச் சட்டையை மாட்டினான். ஷூ அவனுக்கு இரண்டு விரற்கடை பெரிது. ராமு முன்பக்கம் பஞ்சை அடைத்துக் கொடுத்தான்.

“இந்த எடம் தட்டிப் போச்சுன்னா நான் செத்தேன்டா, ராமு.”

சும்மா சொல்லவில்லை. அரிமளம் சந்தையில் அவன் தராசுத் தட்டைக் கீழே போட்டபோது, விழுந்து விழுந்து சிரித்தவள் கண்ணாத்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கேட்டு அறந்தாங்கி ரைஸ் மில் கணக்குப்பிள்ளை ஒருவரும் நாளைக்கு வருகிறாராம்.

ராமுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது, பெண் வீட்டு வாசலில் அவன் ஆத்தா காத்தாயி முன்னாலேயே வந்து காத்திருந்தாள். கண்ணாத்தாளின் அப்பா ஆத்மநாதன் ஒரு சோடி மாடும், மாட்டுக் கொம்பு போலவே ஒரு சோடி மீசையும் உடையவர். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். ஷூவைப் பார்த்ததும் மீசை கொஞ்சம் இளகியது.

கண்ணாத்தாள் காபி கொண்டுவந்தாள். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. குழந்தைசாமிக்கு மூச்சே நின்றுவிட்டது.

அடுக்களைக் கதவோரம் அவள் தோழி ராக்காயி நின்றாள். அவள் மாப்பிள்ளைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. காபித் தம்ளர் லேசாக ஆடியதும், “பாத்துடி, பாத்து! மேல சிந்திராத!” என்று அலறிவிட்டாள். தோழி மேல் எத்தனை பாசம் என்று குழந்தைசாமி உருகிப்போனான்.

“மாமா கால்ல விழுந்து கும்பிடுறா” என்று காத்தாயி மகனைத் தள்ளினாள்.

அவன் விழுந்தான். தூக்கிவிடக் குனிந்த ஆத்மநாதனின் கை, சட்டைக் காலரிலேயே நின்றுவிட்டது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். காலருக்கு உள்ளே, அழியாத ஊதா மையில் முத்திரை. உரக்கப் படித்தார்.

“வாலிபர் சேமிப்புச் சங்கம். பொருள் எண் மூணு.”

செயலாளர் ராமு செய்த வேலை. எதுவும் தொலைந்துவிடக் கூடாதே என்று, சங்கத்துப் பொருள் எல்லாவற்றிலும் குத்தித் தள்ளியிருந்தான்.

“அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்கிட்டு இருக்கு, மாப்பிள்ள?”

குழந்தைசாமிக்குப் பொய் வரவில்லை. “ஒண்ணு கையில கட்டியிருக்கேன், மாமா. ரெண்டு வாசல்ல கழட்டிப் போட்டிருக்கேன்.”

“நாலு?”

“அந்தா, வேலியில சாத்தியிருக்கு.”

“ஒங்களோடதுன்னு ஏதாச்சும் இருக்கா?”

“வேட்டி...”

“அதுவும் என்னோடதுங்க” என்றான் ராமு, உண்மை விளம்பியாக.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழந்தைசாமி எழுந்து கைகட்டி நின்றான். “எல்லாத்துலயும் ஏழுல ஒரு பங்கு எனக்கு இருக்கு, மாமா. அந்த நாலணா நான் ஒழைச்சுக் குடுத்தது. ஒரு வாரங்கூடத் தவறுனதில்ல.”

“பொண்ணையும் ஏழு பங்கு போடுவீகளோ?” ஆத்மநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். “எந்திரிங்க எல்லாரும். ஊராந்தூட்டுப் பொருள மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறவுக சம்பந்தம் இந்த வீட்டுக்கு வேணாம்!”

காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாளைக்கு வரும் கணக்குப்பிள்ளையின் சொந்தச் சட்டை குழந்தைசாமியின் கண்முன் ஆடியது.

அப்போது கண்ணாத்தாள் குனிந்த தலையைச் சட்டென்று நிமிர்த்தினாள்.

“வீறாப்ப நாளைக்கு வச்சுக்கங்கப்பா, இப்பச் சீக்கிரமாத் தட்ட மாத்துங்க! இந்தச் சேலையும் சங்கிலியும் எங்க பொம்பளப் பிள்ளைக சங்கத்தோடது. ராக்காயியப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரக வந்து எறங்கிட்டாகளாம்!”