தையல் கிளாஸ் சிநேகிதி

"இன்னாடா, இன்னும் லுங்கியோட கீற? பொண்ணு பாக்கப் போற லட்சணமா இது? கெளம்பு!"

வசந்தகுமாரி போட்ட சத்தம் ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குக் கேட்டது. ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"பொண்ணு யாரும்மா?" என்றான் ரோஹித், ஈனஸ்வரத்தில்.

"நெமிலிச்சேரி ஷர்மிளா. ஞாயித்துக்கெழம தையல் கிளாஸ்ல ஆறு மாசமா பழக்கம். தங்கமான பொண்ணு."

ரோஹித்துக்குப் பகீரென்றது. "அவங்களுக்குத் தம்பி யாராச்சும்..."

"ஒருத்தன் கீறான். சரணோ கிரணோ."

போச்சுடா! இரண்டு வருடமாக ரோஹித் உயிரையே வைத்திருப்பது அந்தச் சரண் மேல்தான். அதை வீட்டில் சொல்ல முடியாமல்தான் போன வருடம் சோறு இறங்காமல், தூக்கம் வராமல், மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். அம்பத்தூர் மனநல டாக்டர்தான் அவனை மீட்டார். 'தைரியம் வரும்போது ஒருத்தரிடமாவது சொல்லுங்க' என்றிருந்தார். கண்ணாடி முன்னால் எத்தனையோ ஒத்திகை. அம்மாவைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டோவில் அம்மா மடியில் தாம்பாளத் தட்டு. பூ, பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் காகிதம் சுற்றிய பொட்டலம். புடவையாகத்தான் இருக்கும்.

ரோஹித் ஒளித்து ஒளித்து மெசேஜ் அடித்தான். 'உங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்துட்டு இருக்கேன்.'

'டேய்! எனக்கு மச்சானாவா வரப் போற?' என்று பதறினான் சரண். 'எதையாவது பண்ணித் தொலை!'

பட்டாபிராம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பட்டாபிராம் போயே போய்விட்டது.

நெமிலிச்சேரி வீட்டில் ஷர்மிளா பஜ்ஜியோடு வந்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் சரண் வெளிறிப் போய் நின்றான். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

இனித் தாங்காது. ரோஹித் குதித்து எழுந்தான்.

"அம்மா, வேணாம்மா! எனக்குப் பொண்ணே வேணாம். எனக்குச் சரணைத்தான் புடிச்சிருக்கு. நான் அப்டித்தாம்மா. இன்னமும் மறைச்சா செத்துருவேன்!"

சொல்லிவிட்டான். கண்ணில் பொலபொலவென்று நீர்.

வசந்தகுமாரி தட்டைக் கீழே வைக்கவில்லை. நேரே ஷர்மிளாவைத் தாண்டிப் போய்ச் சரணின் கையில் கொடுத்தாள். அவன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே புத்தம்புது நீலச் சட்டை.

"போட்டுப் பாரு கண்ணு. அளவு உங்கக்காதான் குடுத்தா."

ஷர்மிளா அதற்குமேல் அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா..." என்றான் ரோஹித். "அப்ப, அந்தத் தையல் கிளாஸ்?"

"ராணுவத்துக்கே சட்ட தெக்கிறவளுக்கு இன்னாடா தையல் கிளாஸ்? நீ கதவச் சாத்திக்கினு கெடந்தப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு. அது உங்கள மாரி புள்ளைங்களப் பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க கூடற எடம்டா! நீயா வாயத் தொறக்கறவரிக்கும் நாங்க கேக்கவே கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் கேட்டனா?"